ஐபிபிடிக்கு 14 வாரம்: தினமும் கொஞ்சம் செய்தே தேற முடியுமா?

ஈசூன்வாசி:
அடுத்த பிறந்தநாளுக்குள் ஐபிபிடி (சிங்கப்பூர் தேசிய சேவையாளர்களுக்கான உடற்தகுதித் தேர்வு) எடுத்தாகணும். இப்போது ஒரு நிமிடத்தில் புஷ்-அப் 10, சிட்-அப் 18. 2.4 கிலோமீட்டருக்கு 17 நிமிடம். வீடு சேரவே இரவு 8 ஆகிவிடும். ஒரு மணி நேரப் பயிற்சி என்று தொடங்கினால் மூன்றாவது வாரம் நின்றுபோகிறது. அளவைக் குறைத்தால் பலன் இருக்குமா?

படியேறி:
குறைத்தால்தான் பலன் இருக்கும். ஒரு மணி நேரம் செய்தால் மூன்றாம் நாளே தோளும் தொடையும் பிடித்துக்கொள்ளும். நான்காம் நாள் ஓய்வு, ஐந்தாம் நாள் ஓவர்டைம், அத்தோடு சரி.

உச்சம் 10 என்றால் ஒரு தடவைக்கு 5 போதும். பல் தேய்த்ததும் 5, குளிக்கப் போகுமுன் 5, வேலைவிட்டு வந்து சட்டை மாற்றும்போது 5, படுக்குமுன் 5. வாரம் ஆறு நாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம் அளந்து பாருங்கள். வந்ததில் பாதிதான் அடுத்த அளவு. சிட்-அப்புக்கும் இதே கணக்கு. தெம்பாக இருக்கிறதே என்று நடுவில் 15 போட்டுவிடாதீர்கள், மறுநாள் 5கூட வராது. கை முழுதாக நீளாத புஷ்-அப் தேர்வில் கணக்கில் சேராது என்பதால், ஐந்தும் முழு ஐந்தாக இருக்கட்டும்.

ஆறுசுற்று:
தம்பி, 100 புள்ளியில் 50 ஓட்டத்துக்கு. தேர்ச்சிக்கு 51 வேண்டும், ஊக்கத்தொகையோடு என்றால் 61. அதனால் ஓட்டத்தை விட்டுவிடாதீங்க.

வாரம் மூன்று நாள், 20 நிமிடம். முதல் மூன்று வாரம் 2 நிமிடம் மெதுவோட்டம், 1 நிமிடம் நடை; பேச்சு வருகிற வேகம் போதும். பிறகு 5 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. ஏழாம் வாரத்திலிருந்து மூன்றில் ஒரு நாள் மட்டும் 400 மீட்டர் சுற்று ஆறு, இடையில் 2 நிமிட நடை. உங்கள் இப்போதைய சுற்று 2:50. 2:40-இல் தொடங்கி 2:30-க்குக் கொண்டுவந்தால் 15 நிமிடக் கணக்கு வரும். பலரும் முதல் சுற்றை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு நான்காவதில் நடக்கிறார்கள்.

சிமெண்ட் தரையில் தூரத்தைத் திடீரென்று கூட்டினால் முன்னங்கால் எலும்பு வலிக்கும்; புல்லிலோ திடல் ஓடுபாதையிலோ ஓடுங்கள். காலை 6.15 நல்ல நேரம், இங்கே விடிய 7 ஆகும். மழையென்றால் புளோக் படிக்கட்டு: பத்து மாடி ஏறி, மின்தூக்கியில் இறங்கி, மூன்று முறை. படியில் இறங்கினால் முட்டிக்குச் சுமை.

ஈசூன்வாசி:
நன்றி அண்ணா. ஓவர்டைம் முடிந்து இரவு 11-க்கு வருகிற நாளில்?

படியேறி:
படுக்குமுன் அந்த 5 மட்டும். ஓட்ட நாளாக இருந்தால் மறுநாளுக்குத் தள்ளுங்கள், ஒரே நாளில் இரண்டு நாள் அளவைச் சேர்க்க வேண்டாம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் பார்த்தபோது, ஒரு செயல் தானாக வரும் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆனது; சிலருக்கு 18, சிலருக்கு 254 வரைகூடப் போகும் என்று கணித்தார்கள். இடையில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு இல்லை. உங்களுக்கு 98 நாள் இருக்கிறது.

ஆறுசுற்று:
கடைசி வாரம் எல்லாவற்றையும் பாதியாக்குங்க. தேர்வுக்கு முந்தைய இரண்டு நாள் ஓட்டமே வேண்டாம், நடை மட்டும்.