பழையாற்றுத் தண்ணீரில் கிளெப்சியெல்லா ஃபேஜ்: சொட்டு தெளியுது, ப்ளேக் வரல

சுசீந்திரம்_மைக்ரோ:
எம்.எஸ்சி. புராஜெக்ட்: பாக்டீரியாவைத் தின்னும் வைரஸான ஃபேஜைத் தேடுகிறேன். கிருமி, கார்பபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குக்கும் மசியாத கிளெப்சியெல்லா நிமோனியே பாக்டீரியா. தண்ணீர் மணக்குடி பொழியில் (ஆறு கடலில் சேரும் முகத்தில்) எடுத்தது. 0.22 மைக்ரான் வடிகட்டி, ஒரு ராத்திரி என்ரிச்மென்ட் (அந்தக் கிருமியோடு சேர்த்து வளர்த்து ஃபேஜைப் பெருக்குவது). கிருமி படர்ந்த தட்டில் 10 மைக்ரோலிட்டர் சொட்டு வைத்த இடம் தெளிகிறது. அதையே 100 மடங்கு நீர்த்து ஓவர்லே (கிருமியும் ஃபேஜும் கலந்த மென் அகர் படலம்) ஊற்றினால் ஒரு ப்ளேக்கும் (ஃபேஜ் தின்று தெளிந்த தனி வட்டம்) இல்லை. எங்கே பிழை?

ஆரல்_அக்கா:
தெளிந்ததெல்லாம் ஃபேஜ் இல்லை மக்கா. பாக்டீரியோசின் (ஒரு பாக்டீரியா மற்றதைக் கொல்ல விடும் புரதம்) இருந்தாலும் தெளியும். ஃபேஜின் டிபாலிமரேஸ் நொதி பாக்டீரியாவின் சர்க்கரை உறையை மட்டும் உரித்தாலும் மங்கலாகத் தெளியும். பத்துப் பத்து மடங்காக 10⁻⁸ வரை நீர்த்து, ஒவ்வொன்றிலும் 5 மைக்ரோலிட்டர் ஒரே தட்டில் வை. ஃபேஜ் என்றால் ஏதோ ஒரு படியில் தனித்தனிப் புள்ளியாகப் பிரியும். பாக்டீரியோசின் பிரியாது, வெறுமே மங்கி மறையும்.

அடுத்தது, பொழியில் ஏன் எடுத்தாய்? அங்கே உப்பு, கடல் ஃபேஜ்தான் கூட்டம். கிளெப்சியெல்லா குடலிலும் சாக்கடையிலும் வாழ்வது. நாகர்கோவில் ஓடை ஆற்றில் விழுகிற இடத்துக்குப் போ. ஆனி, ஆடி மழை கொட்டும்போது வேண்டாம், தண்ணீர் நீர்த்துப்போயிருக்கும். (கங்கை, யமுனைத் தண்ணீர் காலராக் கிருமியைக் கொல்வதாக பிரிட்டிஷ் பாக்டீரியா ஆய்வாளர் ஹான்கின் எழுதியது 1896-ல். ஆற்றை நம்பலாம்.)

தக்கலை_பெஞ்ச்:
அக்கா சொன்னதோடு ஓவர்லேயையும் பார். மென் அகர் 0.5 சதம், 4 மி.லி., சூடு 45–47 டிகிரி. 50 தாண்டினால் பாக்டீரியா வெந்துபோகும். ரொம்ப ஆறினால் கட்டிகட்டியாக உறையும். கல்ச்சர் ஓ.டி. (கலங்கல் அளவு) 0.3–0.5-ல் 200 மைக்ரோலிட்டர், ஃபேஜ் 100. கலந்து 10 நிமிடம் ஒட்டவிட்டு ஊற்று. ராத்திரி முழுக்க வளர்ந்த பழைய கல்ச்சரைப் போட்டால் ப்ளேக் ஊசிமுனை அளவில் நின்றுவிடும்.

ஃபேஜ் ஒட்டக் கால்சியம் குளோரைடு 2 மில்லிமோலார் வேண்டும். ஃபாஸ்ஃபேட் உள்ள மீடியத்தோடு சேர்த்து ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) பண்ணினால் வெள்ளையாகப் படிந்துவிடும். டைஹைட்ரேட் 14.7 கிராமை 100 மி.லி.யில் கரைத்துத் தனியாக ஆட்டோகிளேவ் பண்ணி, ஆறிய அகரில் 100 மி.லி.க்கு 0.2 மி.லி. விடு.

வடிகட்டி பி.இ.எஸ். (பாலிஈதர்சல்ஃபோன்) சவ்வு தானே? நைலான் ஃபேஜைப் பிடித்துக்கொள்ளும்.

சுசீந்திரம்_மைக்ரோ:
ஓடைத் தண்ணீரில் வந்துவிட்டது அக்கா! 10⁻⁶-ல் 52 ப்ளேக், சுற்றிலும் மங்கலான வளையம்.

ஆரல்_அக்கா:
52-ஐ 0.1 மி.லி.யால் வகுத்து 10⁶-ஆல் பெருக்கு: மி.லி.க்கு 5.2 × 10⁸. வளையம் அந்த டிபாலிமரேஸ் வேலைதான். இனி ஒரே ப்ளேக்கைக் குத்தி எடுத்து எஸ்.எம். பஃபரில் (ஃபேஜைக் கெடாமல் வைக்கும் உப்புக் கரைசல்) கரைத்து மறுபடி ஊற்று, மூன்று சுற்று. ஒரு குறை: கிளெப்சியெல்லாவில் 70-க்கு மேல் உறை வகை உண்டு. இது உன் ஸ்ட்ரெயினைத் தின்னும், அடுத்த நோயாளியின் ஸ்ட்ரெயினைத் தொடாமலே போகலாம். பல ஃபேஜைக் கலந்து காக்டெய்லாக்குவது அதனால்தான்.

குளச்சல்_கடல்:
அப்பாவுக்குச் சர்க்கரைப் புண். இதை வடிகட்டி விட்டால் ஆறுமா?

தக்கலை_பெஞ்ச்:
வேண்டாம் அண்ணா, ஒரு சொட்டுகூட வேண்டாம். செத்த பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்ற நச்சு அதில் நிறைய, 0.22 வடிகட்டி அதைத் தடுக்காது. காய்ச்சலும் ஷாக்கும் வரலாம். ஜீனோம் பார்த்து இன்டக்ரேஸ் ஜீன் (பாக்டீரியாவின் டி.என்.ஏ.வுக்குள் நுழைய உதவுவது) இல்லை என்று உறுதிப்படுத்தாவிட்டால், பாக்டீரியாவுக்குள் ஒளிந்துகொள்கிற வகையாகவும் இருக்கலாம். 2016-ல் சான் டியேகோவில், மருந்துக்கு மசியாத தொற்றில் சாகக்கிடந்த டாம் பேட்டர்சனுக்கு ஏற்றியதும் சுத்திகரித்த ஃபேஜ், கூடவே ஆன்டிபயாடிக். அப்பாவின் புண்ணிலிருந்து கல்ச்சர் சென்சிடிவிட்டி (என்ன கிருமி, எந்த மருந்து கேட்கும் என்ற சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். டாக்டருக்கு முதலில் வேண்டியது அந்த ரிப்போர்ட்.