ஜப்பானிய உணவகத்துக்கு லோகோ: கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். சென்னையில் திறக்கப்போகும் ஒரு ஜப்பானிய உணவகத்துக்கு லோகோ, மெனு, வாசல் பலகை எல்லாம் செய்கிறேன். சோற்றுக் கிண்ணத்தில் சாப்ஸ்டிக் இரண்டையும் செங்குத்தாகக் குத்தி வைத்த படம்தான் வேண்டும் என்கிறார் உரிமையாளர். ஜப்பானில் அது இறந்தவருக்குப் படைக்கும் சோறு! ஒரகடம் பக்கம் வேலை பார்க்கும் ஜப்பானியர்களைத்தான் வேறு அவர் எதிர்பார்க்கிறார்.

மாற்றாக, குடும்பச் சின்னமான 'கமோன்' பாணியில், வட்டத்துக்குள் ஒரு அலை வரைந்திருக்கிறேன். ஒரே நிறம், அவுரி நீலம். வாசலில் தொங்கும் நீல நோரென் துணியில் சின்னத்தை மட்டும் வெள்ளையாக விட்டால் எடுப்பாக இருக்கும்.

இப்போது சிக்கல் எழுத்துருதான். ஜப்பானிய மொழியில் பயன்படும் சீன வழி எழுத்துகளான கான்ஜியில் சில, சீன எழுத்துருவில் வேறு மாதிரி வருகின்றன. கூகுளின் இலவச எழுத்துருவான நோட்டோ தவிர, வணிகத்துக்கும் இலவசமான ஜப்பானிய எழுத்துரு ஏதாவது தெரியுமா? அப்புறம், ஜப்பானிய மொழி தெரிந்தவர்கள் அச்சுக்குப் போகுமுன் பலகையை ஒருமுறை பார்த்துச் சொன்னால் பெரிய உதவி.