ஒரே கம்பெனியில் இரண்டு விலை: கனெக்டிகட்டில் ஹீட்டிங் ஆயில் பில் குறித்து உதவி வேண்டும்

கேள்வி: ஹார்ட்ஃபோர்டு வாசி

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டுக்கு அருகே பழைய வீடொன்றை வாங்கிக் குடியேறியிருக்கிறோம். எங்கள் தெருவில் எரிவாயுக் குழாய் இல்லை. வீட்டைச் சூடாக்க பேஸ்மென்டில் 275 காலன் டாங்கும் ஆயில் பாய்லரும்தான். முந்தைய உரிமையாளருக்கு ஆயில் ஊற்றிவந்த கம்பெனியிடமே, அவர்களாகவே வந்து நிரப்பும் ஆட்டோமேட்டிக் டெலிவரிக்கும், காலனுக்கு 4.29 டாலருக்கு மேல் போகாது என்னும் உச்சவரம்புத் திட்டத்துக்கும் கையெழுத்திட்டோம். சந்தை விலை இறங்கினால் எங்களுக்கும் இறங்கும் என்று சொல்லி, அதற்கெனத் தனிக் கட்டணமும் வாங்கினார்கள்.

இப்போது வந்த பில்லில் காலன் 4.19 டாலர், அதே நாளில் அவர்களுடைய இணையதளத்தில் 3.39. கேட்டால், அது புதிய வாடிக்கையாளருக்கான ரொக்க விலை என்கிறார்கள். டாங்கின் அளவுகாட்டி முக்காலில் நிற்கும்போதே வந்து 48.6 காலன் ஊற்றிவிட்டு, டெலிவரிக் கட்டணம் என்று 14.95 டாலரும் சேர்த்திருக்கிறார்கள். விலகினால் 399 டாலர் கட்ட வேண்டுமாம். இவற்றில் எதையெல்லாம் எதிர்த்துக் கேட்கலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: முன்னாள் டிஸ்பாட்ச் ஊழியர்

வணக்கம். ஆயில் கம்பெனி ஒன்றில் லாரிகளுக்கு அன்றாடம் வீடுகளைப் பிரித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தவன் நான்.

மொத்த விலை நியூயார்க் துறைமுகச் சந்தையை ஒட்டி நாள்தோறும் ஏறி இறங்கும். வட்டாரக் கம்பெனிகள் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வாங்குகின்றன. அதன்மேல் யாருக்கு எவ்வளவு லாபம் வைப்பது என்பதில்தான் வேறுபாடு. இணையதள விலையைப் பார்க்கிறவர் நான்கு இடத்தில் விசாரித்துவிட்டு வருகிறவர். ஆட்டோமேட்டிக் வாடிக்கையாளரோ பில்லைக்கூடப் பிரித்துப் பார்க்கமாட்டார் என்பது கம்பெனியின் கணக்கு. ஆகவே, உச்சவரம்புக்குக் கீழே விலை எதைப் பொறுத்து இறங்கும் என்று உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் வரியை முதலில் தேடிப் பாருங்கள். மொத்த விலையோடு இத்தனை சென்ட் என்று இருந்தால், கணக்குப் போட்டு மிச்சத்தைத் திருப்பிக் கேட்கலாம். "கம்பெனியின் அன்றைய சில்லறை விலை" என்று மட்டும் இருந்தால், அந்த விலையை வைப்பவர்களும் அவர்களே என்பதால், பேரம்தான் கைகொடுக்கும். அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் அக்டோபர் முதல் மார்ச் வரை வாரந்தோறும் வெளியிடும் மாநிலச் சராசரி விலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

டெலிவரிக் கட்டணம் வேறு கதை. வாடிக்கையாளரே கேட்டு 100 காலனுக்குக் குறைவாக ஊற்றினாலோ, வழக்கமான எல்லைக்கோ வேலை நேரத்துக்கோ வெளியே வந்தாலோ, வழக்கத்துக்கு மாறான கூடுதல் உழைப்பு தேவைப்பட்டாலோதான் அதை வாங்கலாம் என்பது கனெக்டிகட் சட்டம். நீங்கள் கூப்பிடாமல் அவர்களாக வந்து ஊற்றிய 48.6 காலனுக்கு அதை வாங்க முடியாது. மீட்டர் அச்சடித்த டெலிவரிச் சீட்டை எடுத்துப் பாருங்கள்: தொடக்க அளவு பூஜ்ஜியத்தில் இருக்க வேண்டும், காலன் விலையும் கூடுதல் கட்டணமும் அதிலேயே இருக்க வேண்டும். சீட்டில் குறிப்பிடாத கட்டணத்தைப் பிறகு பில்லில் சேர்க்கவும் சட்டம் இடம் தரவில்லை.

சீக்கிரம் வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் பழைய குடும்பத்தின் கணக்கு. ஒரு நாளின் சராசரி வெப்பம் 65 ஃபாரன்ஹீட்டுக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அதை டிகிரி நாள் என்போம். சராசரி 30 என்றால் 35 டிகிரி நாள். ஐந்து டிகிரி நாளுக்கு ஒரு காலன் எரியும் வீட்டில் அன்று 7 காலன் செலவு. இப்படிக் கூட்டித்தான் எப்போது ஊற்ற வர வேண்டும் என்று கம்பெனி கணிக்கும். முந்தையவர்கள் வீட்டு வெப்பத்தை 72-இல் வைத்திருந்து நீங்கள் 66-இல் வைத்தால், அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. திருத்தச் சொல்லுங்கள்.

மறுமொழி: பர்னர் டெக்னீஷியன்

கோபத்தில் ஆட்டோமேட்டிக்கை நிறுத்திவிட்டு, நாமே அழைத்து ஊற்றும் முறைக்கு மாறுகிறவர்கள் அளவுகாட்டி கால் பங்கைத் தொடும் முன்பே ஆர்டர் கொடுத்துவிட வேண்டும். டாங்க் வற்றினால் அடிக்கசடு ஃபில்டரை அடைக்கும். குழாயில் காற்று புகுந்துவிடும். அவசரத்துக்குப் பெட்ரோல் பங்க் டீசல் ஐந்து காலன் ஊற்றலாம். பெட்ரோல் ஒருபோதும் கூடாது. பர்னர் அணைந்தால் அதன் சிவப்பு ரீசெட் பட்டனை ஒரு முறைக்கு மேல் அழுத்தாதீர்கள். எரியாத ஆயில் உள்ளே தேங்கிவிடும்.

ஹார்ட்ஃபோர்டு வாசி

இருவருக்கும் நன்றி. ஒப்பந்தத்தில் "அன்றைய சில்லறை விலை" என்றுதான் இருக்கிறது. சட்டத்தைச் சொன்னதும் 14.95 டாலரைத் திருப்பிவிட்டார்கள். மாநிலச் சராசரியைக் காட்டிய பிறகு காலன் விலையை 3.69 ஆக்கினார்கள். 3.39-க்கு வரமுடியாது என்கிறார்கள். அந்த 399 டாலர்?

முன்னாள் டிஸ்பாட்ச் ஊழியர்

வாடிக்கையாளர் விலகியதால் கம்பெனிக்கு உண்மையில் ஏற்பட்ட நட்டத்தைவிட அதிகமான தொகையை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே விதிக்கக் கூடாது என்பதும் கனெக்டிகட் சட்டத்தில் இருக்கிறது. 399 எந்த நட்டத்துக்கு ஈடு என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால், ஆயில் கம்பெனிகளைப் பதிவு செய்யும் மாநில நுகர்வோர் பாதுகாப்புத் துறையிடம் ஒப்பந்தம், சீட்டு, பில், தேதி தெரியும்படி எடுத்த இணையதள விலையின் படம் ஆகியவற்றை இணைத்துப் புகார் கொடுங்கள். சீட்டில் எச்.ஓ.டி. என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், அதையும் குறிப்பிடுங்கள். 3.69 என்பது இந்த டெலிவரிக்கு மட்டுமா, குளிர்காலம் முழுவதற்குமா என்பதையும் மின்னஞ்சலில் உறுதிசெய்து வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்ன விலை அடுத்த பில்லில் இருக்காது.