"ஏஐ பதிலில் உங்கள் கடை 40% கூடுதலாகத் தெரியும்": இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

முதுநகர் வாசி:
நம் கடலூர்–புதுவை வணிகர் குழுவில் மிஷன் வீதி என்ற பெயரில் எழுதுகிறவர் ஒரு விளம்பரம் போட்டிருக்கிறார். சாட்ஜிபிடி, ஜெமினி, பர்ப்ளெக்சிட்டி என்ற மூன்று ஏஐ செயலிகளிலும் உங்கள் கடைப் பெயரை வரவைப்பாராம். மூன்று மாதத்தில் 40 சதவீதம் கூடுதலாகத் தெரியுமாம். ஆராய்ச்சியில் நிரூபணம் ஆனதாம். இதைப் படித்துவிட்டுப் பண்ருட்டி, நெல்லிக்குப்பம் ஆட்கள் எல்லாம் எவ்வளவு கட்டணம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த ஆராய்ச்சியை நான் படித்திருக்கிறேன். பிரின்ஸ்டன், ஜார்ஜியா டெக், ஆலன் ஏஐ நிறுவனம், ஐஐடி டெல்லி ஆட்கள் சேர்ந்து 2023 நவம்பரில் வெளியிட்டது. 10,000 கேள்விகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் கூகுளில் முதலில் வரும் ஐந்து பக்கங்களை ஜிபிடி 3.5 என்ற ஏஐ மாதிரியிடம் கொடுத்துப் பதில் எழுத வைத்தார்கள். ஒரு பக்கத்தில் புள்ளிவிவரமோ மேற்கோளோ ஆதாரமோ சேர்த்தால், பதிலில் அந்தப் பக்கத்துக்குக் கிடைக்கும் பங்கு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார்கள். அந்தப் பங்குதான் அதிகபட்சம் 40 சதவீதம் ஏறியது. எத்தனை சொற்கள் அந்தப் பக்கத்திலிருந்து வந்தன, அவை பதிலில் முன்னால் வந்தனவா பின்னால் வந்தனவா என்ற கணக்கு அது. வாடிக்கையாளர் கணக்கே அதில் கிடையாது. விற்பனைக் கணக்கும் கிடையாது. மிஷன் வீதி பதில் சொல்லட்டும்.

மிஷன் வீதி:
ஐயா, ஆய்வுக் கட்டுரை படிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று நினைக்க வேண்டாம். 40 சதவீதம் அதில் இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. 2024இல் பார்சிலோனாவில் கேடிடி என்ற தரவு ஆய்வு மாநாட்டில் வந்த கட்டுரை அது, தெருவில் கிடைத்த துண்டுச்சீட்டு இல்லை. நான் பொய் எழுதவில்லை. புதுச்சேரியில் விருந்தினர் இல்லம், பேக்கரி, தோல் பொருள் கடை என்று பலருக்கும் வேலை செய்து கொடுத்தவன் நான். கடலூரில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் தப்பு என்று சொல்வது எளிது.

பண்ருட்டிக்காரன்:
கட்டணம் கேட்ட ஆளில் நானும் ஒருவன். முந்திரி மொத்த வியாபாரம். போன வருஷம் ஒரு நிறுவனம் (பெயர் வேண்டாம், மிஷன் வீதி இல்லை) இதே மாதிரி பேசி முன்பணம் வாங்கியது. மாதம் ஒரு அறிக்கை அனுப்பினார்கள். கோடு மேலே போய்க்கொண்டே இருந்தது, ஒரு ஆர்டர் வரவில்லை. கேட்டால் "விசிபிலிட்டி ஏறியிருக்கிறது சார்" என்பார்கள். எதில் ஏறியது, யாருக்குத் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அதனால்தான் கேட்கிறேன், 40 என்றால் எதில் 40?

மிஷன் வீதி:
அண்ணே, அவர்கள் ஏமாற்றியதற்கு நான் என்ன செய்ய முடியும்? நான் சொல்வது ஆய்வில் உள்ள 40.

முதுநகர் வாசி:
ஆய்வில் உள்ளது அதிகபட்சம் 40. விளம்பரத்தில் இருப்பது நிச்சயம் 40. நடுவில் என்ன நடந்தது?

இன்னொன்றும் அதே கட்டுரையில் இருக்கிறது, அதை இவர் சொல்ல மாட்டார். ஆதாரம் காட்டி எழுதும் முறையை ஐந்து பக்கங்களும் செய்தபோது, ஐந்தாம் இடத்தில் இருந்த பக்கத்துக்கு 115 சதவீதம் ஏறியது. முதலிடத்தில் இருந்த பக்கத்துக்குச் சுமார் 30 சதவீதம் இறங்கியது. ஒரு பதிலுக்குள் இருக்கும் இடம் அவ்வளவுதான், ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறையும். இவர் பண்ருட்டியில் ஐந்து முந்திரிக் கடைக்கு இந்த வேலையைச் செய்தால் ஐந்து பேருக்கும் 40 கொடுக்க முடியுமா? எந்தக் கடைக்குக் குறையும் என்று இப்போதே சொல்லிவிடட்டும்.

குருசுக்குப்பம்:
நான் விருந்தினர் இல்லம் நடத்துகிறேன். சண்டை எனக்குப் புரிகிறது, ஆனால் என் பிரச்சினை வேறு. "பாண்டிச்சேரியில் குடும்பத்தோடு தங்க அமைதியான இடம்" என்று சாட்ஜிபிடியில் கேட்டால் சில நேரம் என் பெயர் வருகிறது, சில நேரம் வருவதில்லை. என் மகன் கைப்பேசியில் வருகிறது, என் தங்கை சென்னையில் கேட்டால் வருவதில்லை. இதை எப்படிக் கண்காணிப்பது?

முதுநகர் வாசி:
இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அது ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதில் எழுதுகிறது. முன்பு நீங்கள் பேசியதை நினைவில் வைத்திருக்கும், எந்த ஊரிலிருந்து கேட்கிறார்கள் என்பதும் பதிலை மாற்றும். உங்கள் மகன் ஏற்கெனவே உங்கள் இல்லத்தைப் பற்றிக் கேட்டிருப்பார், அதனால் வந்திருக்கலாம். ஒரு தடவை கேட்டுப் படம் எடுத்து அனுப்பினால் அது கண்காணிப்பு ஆகாது. விருந்தினர் உண்மையில் கேட்கும் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கணக்கில் நுழையாமல், நினைவு இல்லாத புதிய உரையாடலில், ஒவ்வொன்றையும் பல முறை, பல நாளில் கேளுங்கள். பெயர் வந்ததா, எத்தனையாவது இடம், எந்தத் தளத்தை ஆதாரமாகக் காட்டியது, உங்களைப் பற்றித் தப்பாக ஏதும் சொன்னதா என்று குறித்து வையுங்கள். ஆதாரத் தளம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். பெரும்பாலும் உங்கள் தளம் வராது, முன்பதிவுத் தளமோ பயண விமர்சனத் தளமோதான் வரும். அங்கே உங்கள் விவரம் பழையதாக இருந்தால் பதிலும் பழையதாகத்தான் இருக்கும்.

இதற்கு மாதச் சந்தா தேவையில்லை. காசு வாங்கும் கருவிகள் பலவும் செயலிக்குள் கேட்பதில்லை, ஏபிஐ வழியாக, அதாவது நிரலுக்கு நிரல் பேசும் தனி வழியில் கேட்கின்றன. அதில் வரும் பதிலும் உங்கள் விருந்தினர் கைப்பேசியில் பார்க்கும் பதிலும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மிஷன் வீதி:
கருவி வேண்டாம், ஏஜென்சி வேண்டாம், எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சரி. இருபது அறை வைத்திருப்பவர் தினமும் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பாரா? அவருக்கு வேறு வேலை இல்லையா? தளக்காரர்களுக்குத் தேடல் கணக்கைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் இருந்தே நாங்கள் ஏஐ பதிலில் எத்தனை முறை தெரிந்தது என்று எடுத்துக் கொடுக்கிறோம்.

நெய்வேலி இரண்டாம் வட்டம்:
இது தவறு. கூகுள் தேடலில் மேலே வரும் ஏஐ சுருக்கம், உரையாடலாகக் கேட்கும் ஏஐ மோட் இரண்டின் எண்ணிக்கையும் சர்ச் கன்சோலில் சாதாரண வலைத் தேடலோடு சேர்ந்தே வரும் என்றுதான் கூகுளின் வழிகாட்டிப் பக்கம் சொல்கிறது. தனியாகப் பிரித்துக் காட்டுகிறோம் என்றால் ஊகித்து எழுதுகிறீர்கள்.

முதுநகர் வாசி:
நன்றி நெய்வேலி. 40ம் இப்படி ஊகித்ததுதான்.

மிஷன் வீதி:
40 ஊகம் இல்லை! கட்டுரையில் இருக்கிறது! எத்தனை முறை சொல்வது?

குருசுக்குப்பம்:
40ஐ விடுங்கள் சார். எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

முதுநகர் வாசி:
40ஐ எப்படி விடுவது? அதை வைத்துத்தானே காசு வாங்குகிறார்கள். உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் தளத்தின் ரோபோட்ஸ் கோப்பைப் பாருங்கள். எந்த பாட் (தளங்களைத் தானாகப் படிக்கும் நிரல்) உள்ளே வரலாம் என்று சொல்லும் கோப்பு அது. ஜிபிடிபாட் என்பது ஓப்பன்ஏஐ தன் மாதிரியைப் பயிற்றுவிக்கத் தரவு எடுக்கும் பாட். சாட்ஜிபிடி தேடலுக்கு வருவது ஓஏஐ-சர்ச்பாட், அது வேறு. பலர் பயந்துபோய் எல்லாவற்றையும் தடுத்துவிட்டுப் பிறகு பெயர் வரவில்லை என்று அழுகிறார்கள். 2025 ஜூலையிலிருந்து, தளங்களுக்கு முன்னால் நின்று பாதுகாப்புத் தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் புதிதாகச் சேரும் தளங்களில் ஏஐ பாட்களைத் தானாகவே தடுக்க ஆரம்பித்துவிட்டது. உங்கள் தளம் அதன் வழியாக ஓடுகிறதா என்று தளம் செய்தவரிடம் கேளுங்கள்.

அடுத்து, அறை வாடகை, உணவுப் பட்டியல் எல்லாம் படமாக இருக்கிறதா? எழுத்தாக மாற்றுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால்தான் தெரியும் பக்கமாக இருந்தால் இந்த பாட்களில் பல அதைப் படிப்பதில்லை. முகவரி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கடற்கரைக்கு நடந்து போக எவ்வளவு நேரம், லிஃப்ட் உண்டா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று விருந்தினர் தொலைபேசியில் கேட்பதையெல்லாம் நேரடியாக எழுதுங்கள். சாட்ஜிபிடி கொடுக்கும் இணைப்பின் முகவரியில், எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டும் யூடிஎம் அடையாளம் ஒட்டி வரும். அதை வைத்து எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்க்கலாம். முழுக் கணக்கு கிடைக்காது, பெயரைப் பார்த்துவிட்டு நேரே கூகுளில் தேடி வருகிறவர்கள் அதில் சேர மாட்டார்கள். ஆனாலும் உண்மையான ஆட்களின் எண்ணிக்கை.

மிஷன் வீதி:
இதெல்லாம் நாங்கள் முதல் வாரத்திலேயே செய்து கொடுக்கும் வேலை. இதோடு, ஏஐ படிப்பதற்கென்றே தளத்தில் வைக்கும் எல்எல்எம்எஸ் டெக்ஸ்ட் (llms.txt) கோப்பும் போட்டுத் தருகிறோம். அதைப் பற்றி இவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள்.

நெய்வேலி இரண்டாம் வட்டம்:
2024 செப்டம்பரில் ஏஐ ஆராய்ச்சியாளர் ஜெரமி ஹோவர்ட் முன்வைத்த யோசனை அது. ஏஐ சுருக்கத்தில் வருவதற்குத் தனியாக எந்த ஏஐ கோப்பும் வேண்டாம் என்று கூகுள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. போட்டால் நட்டம் இல்லை. அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதுதான் தப்பு.

பண்ருட்டிக்காரன்:
என் பக்கத்துக்கு வாருங்கள். "நல்ல முந்திரி எங்கே வாங்கலாம்" என்று கேட்டால் கொல்லம், மங்களூர், கோவா என்று வருகிறது. கோவாவுக்கு அடுத்து ஒரு வரியில் "புதுச்சேரி கடைகளிலும் கிடைக்கும்" என்று சொன்னதை நானே பார்த்தேன். எங்கள் சரக்கை வாங்கிப் பையில் போட்டு விற்பவர்களின் பெயர் வருகிறது, எங்கள் பெயர் இல்லை. 2025இல் பண்ருட்டி முந்திரிக்கும் பலாவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது கூடவா தெரியாது அதற்கு?

முதுநகர் வாசி:
உங்கள் தளத்தில் புவிசார் குறியீட்டைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா? நான் பார்த்தேன், இல்லை. முதல் பக்கம் முழுக்க "தரமான முந்திரி, சிறந்த முந்திரி, நம்பர் ஒன் முந்திரி". அந்தக் கட்டுரையிலேயே ஒரே சொல்லைத் திணித்து எழுதிய பக்கங்களுக்குப் பயன் இல்லை, பர்ப்ளெக்சிட்டியில் சோதித்தபோது முன்பைவிடக் குறைந்தது. முந்திரித் தரத்தில் டபிள்யூ 180 என்றால் ஒரு பவுண்டுக்கு 180 பருப்பு வரை, டபிள்யூ 320 என்றால் 320 வரை என்று எழுதுங்கள். எந்த ஊர்த் தோட்டம், எப்போது உடைத்தது, எந்தத் தரத்தில் என்ன விலை என்று எழுதுங்கள். எடுத்துச் சொல்ல ஏதாவது இருந்தால்தானே எடுத்துச் சொல்லும்?

மிஷன் வீதி:
எந்த ஊர்த் தோட்டம் என்று எழுதச் சொல்லுங்கள், நானும் அதைத்தான் பார்க்கக் காத்திருக்கிறேன். பண்ருட்டி ஆலைகளில் ஓடுவது தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கொட்டை. ஐவரி கோஸ்ட், பெனின், தான்சானியா. அதைப் பண்ருட்டி முந்திரி என்று விற்பவர்கள் என் 40ஐப் பற்றிப் பேச வந்துவிட்டார்கள்.

பண்ருட்டிக்காரன்:
வார்த்தையை அளந்து பேசுங்கள். வெளிநாட்டுக் கொட்டை வருகிறது, யார் இல்லை என்றார்கள்? 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது எங்கள் தோப்பெல்லாம் வேரோடு சாய்ந்தது. முந்திரி வைத்தால் மறு வருஷமே காய்க்காது. ஆலையில் வேலை செய்யும் பெண்களுக்கு அதுவரை யார் கூலி கொடுப்பது? நான் உள்ளூர்க் கொட்டையைத் தனியாக உடைக்கிறேன், தனியாக விற்கிறேன். நீங்கள் பார்த்ததே இல்லை.

குருசுக்குப்பம்:
தானே புயலில் எங்களுக்கும்தான் அடி. இங்கே எதற்கு அந்தப் பேச்சு?

முதுநகர் வாசி:
மிஷன் வீதி திசைதிருப்புகிறார், அதற்குத்தான். கொட்டை எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, 40 எங்கிருந்து வந்தது என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதற்கு இன்னும் பதில் வரவில்லை. ஆங்கிலக் கேள்விகளை வைத்து, 2023இல் இருந்த மாதிரியை வைத்துச் செய்த சோதனை. தமிழில் கேட்கும் நெல்லிக்குப்பம் கடைக்கு அதே 40 வரும் என்று எதை வைத்துச் சொல்கிறார்? ஒரே ஒரு வாடிக்கையாளரின் கணக்கைப் போடட்டும். ஆரம்பத்தில் எத்தனை கேள்வி, எத்தனை பதிலில் பெயர், இப்போது எத்தனை. பெயரை மறைத்துக்கொள்ளட்டும்.

மிஷன் வீதி:
வாடிக்கையாளர் தகவலைப் பொதுவில் போட முடியாது. தொழில் தர்மம். உங்களுக்கு அதெல்லாம் புரியாது, ஏனென்றால் உங்களுக்கு வாடிக்கையாளரே கிடையாது.

முதுநகர் வாசி:
எனக்கு இருக்கிறார்கள். முதுநகர் மீன் ஏற்றுமதிக்காரர்கள் மூன்று பேரின் தளத்தை நான்தான் பார்க்கிறேன். ஒருவரிடமும் சதவீதம் சொல்லிக் காசு வாங்கியதில்லை. "பாண்டிச்சேரி அருகே கடற்கரை" என்று கேட்டால் கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் வருவதில்லை என்று எனக்கும் வயிற்றெரிச்சல் உண்டு. அதற்காக வரவைக்கிறேன் என்று யாரிடமும் உறுதி கொடுக்க மாட்டேன்.

மிஷன் வீதி:
வராததற்குக் காரணம் ஏஐ இல்லை ஐயா. அங்கே கழிப்பறை எப்படி இருக்கிறது என்று விமர்சனங்களைப் படித்துப் பாருங்கள்.

நெய்வேலி இரண்டாம் வட்டம்:
உங்கள் புதுச்சேரி ராக் பீச்சிலும் போய்ப் பாருங்கள்.

குருசுக்குப்பம்:
ராக் பீச்சைப் பற்றி நெய்வேலிக்காரர் பேச வேண்டாம். தினமும் காலையில் அங்கே நடக்கிறவள் நான். சுத்தமாகத்தான் இருக்கிறது.

பண்ருட்டிக்காரன்:
ஐவரி கோஸ்ட் பேச்சை மிஷன் வீதி திரும்பப் பெற வேண்டும். என் பெயரில் இல்லாவிட்டாலும் ஊர்ப் பெயரில் சொன்னார். நாளைக்கு யாராவது "பண்ருட்டி முந்திரி அசலா" என்று கேட்டால் சாட்ஜிபிடி இந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டும்.

மிஷன் வீதி:
உண்மையைச் சொன்னதற்கு ஏன் திரும்பப் பெற வேண்டும்?

முதுநகர் வாசி:
அப்போ 40ம் உண்மையா? ஒரு கடையின் கணக்கு. ஒன்றே ஒன்று. நான் இங்கேயே இருக்கிறேன்.