நெல்லைக்கு மின்வண்டி: வெளிநாட்டுக் கூட்டு வந்தால் எதைக் கேட்பது?

தாமிரபரணிக்கரை:
2023 தமிழ்நாட்டு மின்வாகனக் கொள்கையில் சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலத்தோடு திருநெல்வேலியும் முன்னோடி நகரம்னு இருக்கு. பக்கத்துல தூத்துக்குடியில வியட்நாம்காரங்க வின்ஃபாஸ்ட் ஆலையை 2025 ஆகஸ்டுல திறந்தாச்சு. குடியிருப்போர் சங்கங்கள் சேர்ந்து, வெளிநாட்டு நகரங்கள், வங்கிகளோட கூட்டுச் சேர்ந்து என்ன செய்யலாம்னு மாநகராட்சிக்கு ஒரு குறிப்பு எழுதித் தரப் போறோம். மூணு சந்தேகம். மாநகராட்சி நேரா வெளிநாட்டு வங்கியில கடன் வாங்க முடியுமா? "இருபது பேருந்து இலவசமா தாங்க"ன்னு கேக்கிறது சரியா? ஜங்ஷன், வண்ணார்பேட்டை பக்கம் சார்ஜிங் இடம் போட்டா என்ன கவனிக்கணும்? பொதுவா பேச வேண்டாம், கணக்கோட சொல்லுங்க.

கோப்புநடை:
முதல் கேள்விக்குப் பதில்: பொதுவாக முடியாது. இப்படிப்பட்ட வெளிநாட்டு வளர்ச்சி வங்கிக் கடன் பெரும்பாலும் மாநில அரசு கேட்டு, மத்திய நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை வழியாகத்தான் வரும். வந்த கடனை மத்திய அரசு அதே நிபந்தனையோடு மாநிலத்துக்குக் கைமாற்றும். கடன் வாங்கிய யூரோவின் மதிப்பு ஏறினால் கூடுதல் பாரம் மாநிலத்தின் தலையில். உள்ளாட்சிக்கு வர வேண்டுமென்றால் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் (1996-ல் உலக வங்கி உதவியோடு தொடங்கியது) போன்ற வாய்க்கால் வேண்டும். வெளிநாட்டு நகரத்தோடு சகோதர நகர ஒப்பந்தம் போடவும் வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்புதல் வேண்டும். அதனால் குறிப்பில் "கடன் வாங்குக" என்று எழுதினால் கோப்பு முதல் மேசையிலேயே படுத்துவிடும்.

இரண்டாவது, பேருந்து கேட்பது கதவு மாறித் தட்டுவது. நெல்லையில் பேருந்து ஓட்டுவது அரசுப் போக்குவரத்துக் கழகம், மாநகராட்சி இல்லை. 2019-ல் ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கியோடு போட்ட ஒப்பந்தத்தில் 2,213 பிஎஸ்-6 (புகை அளவுத் தரம்) பேருந்துகளும் 500 மின் பேருந்துகளும் இருந்தன. அது மாநில அரசோடு போட்டது. 2025 ஜூனில் உலக வங்கி உதவியோடு சென்னை வியாசர்பாடி பணிமனையில் 120 மின் பேருந்துகள் ஓடத் தொடங்கினவே, அவையும் மாநகரப் போக்குவரத்துக் கழகம் விலைக்கு வாங்கியவை இல்லை. வண்டியும் ஓட்டுநரும் பராமரிப்பும் ஒப்பந்தக்காரர் பொறுப்பு. நடத்துநர் மட்டும் கழகத்தின் ஆள். ஓடிய கிலோமீட்டருக்குக் காசு.

அப்படியானால் கூட்டாளியிடம் எதைக் கேட்பது? ஒப்பந்த வாசகங்களை. சிலியின் சான்டியாகோவில் 2018 வாக்கில் மின் பேருந்துகளை வாங்கியது ஒரு மின்சார நிறுவனம். ஓட்டியது வேறு நிறுவனம். ஓட்டுகிற நிறுவனம் விலகினாலும் வண்டிக்கான குத்தகைத் தவணை நிற்காதபடி ஷரத்து எழுதினார்கள். கடன் கொடுத்தவர்களுக்கு அது தைரியம் கொடுத்தது. நம்மூரில் ஒப்பந்தக்காரர்களின் பெரிய பயமே மாதக் காசு காலத்தில் வருமா என்பதுதான். 2024-ல் மத்திய அரசு ரூ.3,435 கோடியில் கட்டண உத்தரவாதத் திட்டம் கொண்டுவந்ததும் அதற்காகத்தான். சான்டியாகோ ஒப்பந்தத்தின் ஷரத்து நகலும், அதை எழுதிய ஆட்களோடு நாலு நாள் உட்காரும் வாய்ப்பும் இருபது வண்டியைவிடப் பெரிது.

இன்னொன்று. பிரெஞ்சு, ஜெர்மன் கடனோடும் ஐரோப்பிய ஒன்றிய மானியத்தோடும் நடக்கும், நகரங்களுக்கான மத்திய அரசின் சிட்டிஸ் 2.0 திட்டத்தை இதற்குக் கேட்காதீர்கள். அதன் முக்கிய வேலை குப்பை மேலாண்மை.

பாளை மின்:
மூணாவது கேள்விக்கு வர்றேன். 9 மீட்டர் பேருந்து 20, ஒவ்வொன்றும் நாளைக்கு 180 கிலோமீட்டர்னு வைங்க. கிலோமீட்டருக்கு 0.9 யூனிட். சித்திரை, வைகாசியில ஏசி போட்டா 1.1 வரை போகும். சராசரியா வண்டிக்கு 162 யூனிட், சார்ஜர் இழப்போட 175. இருபதுக்கும் சேர்த்து 3,500 யூனிட். இரவு 11 முதல் காலை 5 வரை ஆறு மணி நேரம்னா சராசரிச் சுமை 585 கிலோவாட். இதுக்கு 11 கேவி உயரழுத்த இணைப்பும் 1,000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரும் போதும்.

தப்பு நடக்கிற இடம் வேற. ஒரே நேரத்துல ரெண்டு வண்டிக்கு மாட்டுற இரட்டைத் துப்பாக்கி 120 கிலோவாட் சார்ஜர் பத்து வாங்கி, எல்லா வண்டியையும் 11 மணிக்கே மாட்டினா சுமை ஒரேயடியா 1,200 கிலோவாட் ஆயிரும். டிரான்ஸ்ஃபார்மரும் தாங்காது, அதிகபட்சச் சுமையை வச்சுப் போடுற உச்சத் தேவைக் கட்டணமும் எகிறும். வண்டிக்கு 30 கிலோவாட் வீதம் பங்கு போட்டுக் குடுக்கிற மென்பொருள் இருந்தா மொத்தம் 600-ல அடங்கும். அதுக்கு சார்ஜர் ஓசிபிபி நெறிமுறை (சார்ஜரும் அதை இயக்குற சர்வரும் பேசிக்கிற பொது மொழி) பேசணும். அது நெதர்லாந்துல பிறந்த திறந்த நெறிமுறை, யாரும் உரிமைக் காசு கேக்க மாட்டாங்க. ஒப்பந்தத்துல "சர்வரை மாற்றும் உரிமையும் கடவுச்சொல்லும் கழகத்துக்கே" னு ஒரு வரி இருக்கணும். அந்த வரி இல்லாட்டி கம்பெனி கைவிட்ட அன்னைக்கு சார்ஜர் வெறும் இரும்புப் பெட்டி.

பேட்டரி அளவு: 10-லிருந்து 90 சதவீதம் வரைதான் பயன்படுத்தணும், கடைசி வருஷங்கள்ல கொள்ளளவு 80 சதவீதமாக் குறையும். 162-ஐ 0.64-ஆல வகுத்தா 253 யூனிட். அவ்வளவு பெரிய பேட்டரி 9 மீட்டர் வண்டிக்குப் பாரம். மத்தியானம் கூட்டம் குறையிற நேரத்துல 40 நிமிஷம் 60 கிலோவாட்ல போட்டா 40 யூனிட் ஏறும், 190 யூனிட் பேட்டரி போதும். விலைக்கும் நல்லது: மத்திய மின் அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதல்படி பொதுச் சார்ஜிங் நிலையத்துக்கு காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி வழங்கல் செலவில் (ஒரு யூனிட் மின்சாரம் கொடுக்க மின்வாரியத்துக்கு ஆகுற சராசரிச் செலவு) 0.7 மடங்கு, மத்த நேரம் 1.3 மடங்கு. உங்க இணைப்புக்கு எந்தக் கட்டணப் பிரிவு பொருந்தும்னு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவைப் பாத்துக்கோங்க.

இடம்: 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை மறந்துட்டு ஜங்ஷன் பக்கம் ஒரு கம்பியும் இழுக்கக் கூடாது. பேட்டரிக்குச் சொல்ற ஐபி67 தரம் 1 மீட்டர் தண்ணியில 30 நிமிஷம் வைக்கிற சோதனைதான். ரெண்டு நாள் முழுகிக் கிடந்தா அந்தச் சான்றிதழ் காப்பாத்தாது. சுவத்துல இருக்கிற வெள்ளக் கறைக்கு மேல அரை மீட்டர் உயர்த்தி மேடை கட்டி சார்ஜர், சுவிட்ச் போர்டு, மீட்டர் மூணையும் ஏத்துங்க. கேபிள் கீழிருந்து நுழையிற ஓட்டையை அடைக்கணும், தண்ணி பெரும்பாலும் அந்த வழியாத்தான் ஏறும். முழுகின வண்டியை இன்சுலேஷன் அளக்காம சார்ஜ்ல போடவே கூடாது.

மூணுசக்கரம்:
அண்ணாச்சிமாரே, எல்லாரும் பேருந்தைப் பிடிச்சுட்டு நிக்கீய. மாநகராட்சி கையில நெசமா இருக்கது குப்பை அள்ளுத பேட்டரி வண்டிதான். அதுல இருந்து ஆரம்பிங்க.

ஈய பேட்டரி வண்டின்னா 12 வோல்ட் நாலு, தொடர் இணைப்பு. அது சீக்கிரம் சாவதுக்கு மூணு காரணம். டிஸ்டில்ட் வாட்டருக்குப் பதிலா கேன் தண்ணி ஊத்துதது. பாதி சார்ஜ்லயே அடுத்த ஷிப்டுக்கு எடுத்துட்டுப் போறது. நாலுல ஒண்ணு செத்தா அதை மட்டும் புதுசா மாத்துதது, பழைய மூணும் சேந்து புதுசையும் இழுத்துரும். எல்எஃப்பிக்கு (லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி) மாத்தினா பழைய சார்ஜரைத் தூக்கிப் போட்டுருங்க. 16 செல் பேட்டரிக்கு உச்சம் 58.4 வோல்ட். ஈய சார்ஜர் அதைத் தாண்டிப் போகலாம், பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்குத மின்னணு அட்டை) வெட்டும், ஓட்டுதவன் "பேட்டரி சரியில்ல"ம்பான். எல்எஃப்பி பாதி சார்ஜ்ல வோல்டேஜ் மாறாது, மீட்டர் பொய் சொல்லும். வாரம் ஒருக்கா முழுசா 100 ஏத்தி விடணும், அப்பத்தான் செல்லெல்லாம் சமமாகும். வெயில்ல ஓடி வந்த உடனே மாட்டாதீய, நிழல்ல அரைமணி ஆற விடுங்க.

மின் ஆட்டோவுக்கு: 8 யூனிட் பேட்டரி, 3 கிலோவாட் சார்ஜர், தொடர்ச்சியா 13 ஆம்பியர் இழுக்கும். வீட்டு பிளக்ல மூணு மணி நேரம் ஓடினா பின் சூடாகி உருகுது. நிறுத்தத்துல போடும்போது நீல நிற 16 ஆம்பியர் தொழிற்சாலை சாக்கெட், 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, ஒவ்வொண்ணுக்கும் தனி 16 ஆம்பியர் ஆர்சிபிஓ (மிகைச் சுமைக்கும் மின்கசிவுக்கும் தானா வெட்டுத சுவிட்ச்), 30 மில்லியாம்பியர் கசிவுக்கு வெட்டுறது. நல்ல எர்த் குழி இல்லாம இது எதையும் தொடாதீய.

வெளிநாட்டு உதவின்னா காத்மாண்டு சஃபா டெம்போவைப் பாருங்க. 1990-கள்ல அமெரிக்க உதவியோட வந்த மூணு சக்கர வண்டி. 1999-ல டீசல் டெம்போவை ஊருக்குள்ள தடை செய்யவும் நூத்துக்கணக்குல பெருகிச்சு. அடுத்து பேட்டரி மாத்துத செலவு கழுத்தைப் பிடிச்சுது, வரிச்சலுகையில வந்த மைக்ரோ பஸ் பயணியைப் பிடிச்சுது. உதவி வண்டியைக் குடுத்துச்சு, ரெண்டாவது பேட்டரிக்கு யாரு காசுன்னு சொல்லல.

தாமிரபரணிக்கரை:
ரொம்ப உதவி. ஒண்ணு மட்டும்: கூட்டாளி நகரம் தன்கிட்ட இருக்கிற பழைய சார்ஜரைத் தர்றேன்னு சொன்னா வாங்கலாமா?

பாளை மின்:
முனையை (வண்டியில செருகுற பிளக்கை) பாருங்க. ஐரோப்பான்னா சிசிஎஸ்2, அது நம்ம கார், பேருந்துக்குப் பொருந்தும். ஜப்பானின் சாடெமோவும் சீனாவின் ஜிபி/டியும் இங்க புது வண்டிக்கு உதவாது. ஜிபி/டி முனையோட இங்கயே போட்ட 15 கிலோவாட் பாரத் டிசி-001 சார்ஜர்கள் சில பழைய கார்களோடயே நின்னு போச்சு. சிசிஎஸ்2 ஆனாலும் உதிரிப்பாகம் எத்தனை வருஷம் கிடைக்கும், பவர் மாட்யூல் (உள்ள இருக்கிற மின்மாற்றுப் பெட்டி) தனியா விக்கிறாங்களான்னு எழுத்துல வாங்குங்க. அது கிடைக்காட்டி கப்பல் கூலி கூட வீண். அதுக்குப் பதிலா பணிமனை எலக்ட்ரீஷியன் நாலு பேருக்கு உயர் வோல்டேஜ் பயிற்சி கேளுங்க.

மூணுசக்கரம்:
அந்த நாலுல ஒருத்தர் குப்பை வண்டி ஷெட்ல இருந்து போகட்டும்னும் எழுதிருங்க அண்ணாச்சி.