புதுப்பிப்பு: ஆஸ்பத்திரியா, பொலிஸா என்று கேட்டிருந்தேன்
வன்புணர்வுக்கு ஆளான தோழியை முதலில் எங்கே கூட்டிப்போவது என்று போன வாரம் கேட்டிருந்தேன். கொழும்பிலேயே ஒரு அரச ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதுதான் சரி. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உடுப்பைக் கழுவாமல் கடதாசிப் பையில் கொண்டுபோனோம், சட்ட வைத்திய அதிகாரி வாங்கிக்கொண்டார். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவ ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் நட்பு நிலையத்துத் தாதி அவளிடம் பேசிய விதத்தை மறக்கவே மாட்டேன்.

அப்புறம் பொலிஸ். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பம் கேட்டார்கள். அவள் மறுத்துவிட்டாள். தமிழில் கொடுப்பது அவளுடைய உரிமை. தமிழ் தெரிந்த பெண் அலுவலர் வந்த பிறகே சொன்னாள்.

அவள் யார் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். உதவி தேவைப்படும் பெண்கள் 1938 க்கு அழையுங்கள். பிள்ளைகள் என்றால் 1929.