ழகர உச்சரிப்பு ஆய்வுக்கு இரண்டாவது மதிப்பீட்டாளர் தேவை

வணக்கம். பேச்சு-மொழி நோயியல் எம்.எஸ்சி. ஆய்வேட்டுக்காக, 4 முதல் 6 வயதுத் தமிழ்க் குழந்தைகள் ழ, ள, ல ஒலிகளைச் சொல்லும் விதத்தைப் பதிவு செய்கிறேன். அவற்றைக் கேட்டு ஐ.பி.ஏ. (பன்னாட்டு ஒலியெழுத்து) குறியீட்டில் எழுதித் தர ஒருவர் வேண்டும். மொத்தத்தில் 20 சதவீதம் போதும். ஆனால் நான் எழுதியதைப் பார்க்காமல் எழுத வேண்டும். பார்த்துவிட்டால் இருவருக்குமான ஒப்புமை பொய்யாக உயர்ந்துவிடும்.

கோப்புகள் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் வடிவம். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், மின்விசிறி நிறுத்தம். வாட்ஸ்அப்பில் அனுப்ப மாட்டேன். சுருக்கிய ஒலியில் ஃபார்மன்ட் (வாய், தொண்டையின் வடிவத்தால் வலுப்பெறும் அதிர்வெண்) அளவுகளை நம்ப முடியாது, பிராட் என்ற ஒலி ஆய்வு மென்பொருளில் ழகரத்தை அளக்க மூன்றாம் ஃபார்மன்ட் எனக்கு அவசியம். படம் காட்டித் தானாகச் சொன்னதையும், 'சொல்லு கண்ணா' என்றதும் திருப்பிச் சொன்னதையும் தனித்தனியே குறித்திருக்கிறேன். திருப்பிச் சொல்லும்போது பல குழந்தைகளுக்கு ஒலி சரியாக வந்துவிடும், அதைக் கலந்தால் முடிவே மாறும்.

பெரிய சிக்கல் வட்டார வழக்கு. மதுரைப் பக்கம் பல வீடுகளில் பெரியவர்களே 'பழம்' என்பதைப் 'பளம்' என்கிறார்கள். சென்னைப் பேச்சில் 'பயம்' கேட்கும். குழந்தை அதையே சொன்னால் அதைக் கோளாறு என்று எழுதுவது அநியாயம். அதனால் அதே சொற்களை அம்மாவையும் சொல்லவைத்துப் பதிவு செய்கிறேன். அம்மா சொல்வதும் அக்கம்பக்கத்தில் புழங்குவதும் வேறாக இருந்தால் எதை அளவுகோலாக வைப்பது? இதைச் செய்து பார்த்த மூத்தவர்கள் வழி சொல்லுங்கள்.

உதவ முடிந்தவர்கள் உங்கள் ஊர் வழக்கையும் ஐ.பி.ஏ. பயிற்சியையும் குறிப்பிட்டு எழுதுங்கள். பெற்றோர் ஒப்புதலும் நெறிமுறைக் குழு அனுமதியும் வாங்கியாயிற்று; குழந்தைகளின் பெயருக்குப் பதில் எண் மட்டுமே இருக்கும்.